உறை பிரிக்காத தராசு

அன்புள்ள தம்பி,

உங்கள் டெக்சாஸ் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரை உங்கப்பா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். வீட்டில் மற்றவர்கள் கோலப்போட்டிப் படங்களைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்கள். 'கராஜுக்குள் ஒரு தோட்டாப் பட்டறை' என்ற உன் கட்டுரையை நான் விடவில்லை. ராஜபாளையத்தில் இன்றைக்கு இந்த விஷயத்தை என்னோடு உட்கார்ந்து பேச ஆள் கிடையாது. அதனால் நீ கேட்காமலே இந்தக் கடிதம்.

தோட்டா அடைக்கிற மெக் 600 ஜூனியர் மெஷினை மேசையோடு போல்ட் போட்டு இறுக்கியது, பழைய கேப்பைத் தட்டிவிட்டுப் புது 209 ஏற்றுவது, கூட்டின் அடி வளையத்தை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, ஆறு மடிப்புக் கூட்டுக்கும் எட்டு மடிப்புக் கூட்டுக்கும் தனித்தனி மடிப்பு முனை வேண்டும் என்பது, எல்லாம் சரி. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சல் மூட்டியது மூன்றாவது படம்.

முடித்த தோட்டாக்களை வாய் தெரிகிற மாதிரி வரிசையாக நிறுத்திப் படம் எடுத்திருக்கிறாய். 'தாமரை மாதிரி மடிந்திருக்கிறது பாருங்கள்' என்று கீழே எழுதியும் வைத்திருக்கிறாய். என் கண் தாமரையில் நிற்கவில்லை. பின்னால் அலமாரியில், பெயிண்ட் டப்பாவுக்கும் காலிக் கூடு நிரம்பிய பைக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். டிஜிட்டல் தராசு. சுற்றி ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட நீ கிழிக்கவில்லை!

காரணமும் சொல்லியிருக்கிறாய். அட்டவணையைப் பார்த்துப் பொருத்தமான புஷிங்கைப் போட்டாயிற்றாம். சார்ஜ் பாரைத் தள்ளினால் அளவு தானாக விழுகிறதாம். அப்புறம் தராசுக்கு என்ன வேலையாம்.

தம்பி, புஷிங் என்பது ஒரு குட்டி உழக்கு. அதற்குக் கொள்ளளவு தெரியும், எடை தெரியாது. மருந்து பாட்டில் நிறைய இருக்கும்போது விழுவது ஒன்று, அடிக்கு வரும்போது விழுவது ஒன்று. கைப்பிடியை ஓங்கி இறக்கினால் அந்த அதிர்ச்சியில் மருந்து அமுங்கி, துளைக்குள் கூடுதலாக இறங்கும். பூப்போல இறக்கினால் குறையும். மேசை போல்ட் தளர்ந்தாலும் கணக்கு மாறும். ஒரே பெயர் போட்ட மருந்தே அடுத்த லாட்டில் கொஞ்சம் கனமாகவோ லேசாகவோ வரும். மெக் அட்டவணை சொல்வதைவிடக் குறைவாகத்தான் பெரும்பாலும் விழும் என்று பல வருஷம் அந்த மெஷினை ஓட்டியவர்கள் சொல்வார்கள். 'அப்படியானால் அடுத்த நம்பர் புஷிங்கைப் போடு' என்றும் அவர்களே சொல்வார்கள். போடலாம், எடை பார்த்த பிறகு.

குறைந்தால் என்ன, சத்தம்தானே கம்மியாகும் என்று நினைக்காதே. மருந்து சரியாகப் பிடிக்காமல் போனால், மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் வைக்கிற வாட் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தவன் குழலைப் பிளந்தான் என்று வைத்துக்கொள். கூடினால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும்.

ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம். நீ களிமண் தட்டு சுடப் போடுகிற மருந்து மொத்தமே 20 கிரெயினை ஒட்டித்தான் வரும். அதில் இரண்டு கிரெயின் தவறினால் பத்தில் ஒரு பங்கு. அதைக் கண்ணால் பிடிக்கிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை.

ஆகவே முதல் வேலையாக அந்தத் தாளைக் கிழி. தராசை ஆன் செய்து கொஞ்ச நேரம் சும்மா விடு; சூடேறாத டிஜிட்டல் தராசு நின்ற இடத்தில் நிற்காது. கூட வந்த எடைக்கல்லை வைத்துச் சரிபார். மேலே ஓடும் ஃபேனை நிறுத்து, ஏசியையும் நிறுத்து. உங்க ஊர் நகைக்கடையில் தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாயே, மூச்சுக்காற்று பட்டாலே அது ஆடும் என்பதால்தான். அதற்கப்புறம் மருந்தைப் பாதிக்கு மேல் நிரப்பி, கொஞ்சம் தள்ளித் தள்ளி விட்டு, விழுந்ததைத் திரும்பப் பாட்டிலில் கொட்டு. பிறகு பத்து முறை எடை பார். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாரை மட்டும் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்க்கிற எடை பொய். கேப்பு ஏற்றுவதிலிருந்து மடிப்பு வரை நிஜமாக லோடு செய்கிற அத்தனை அசைவையும் செய்து, அந்தக் குலுக்கலோடு விழுகிற மருந்தைத்தான் நிறுக்க வேண்டும்.

ரவைக்கும் அதே கதை. பாரில் ஒன்றேஅரைக்கால் அவுன்ஸ் என்று பொறித்திருந்தால் 492 கிரெயின் விழ வேண்டும். சின்ன ரவை நெருக்கமாக உட்காரும், பெரிய ரவை இடைவெளி விடும். ஆன்டிமனி கலந்து கெட்டிப்படுத்திய ஈயம், சுத்த ஈயத்தைவிட லேசு. ஒரே குழியில் மூன்று மூட்டை ரவை மூன்று எடை காட்டும். நம் பக்கத்துப் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்டாரே, அந்தப் பந்தயத்தில் தோட்டாவுக்கு ரவை 24 கிராம்; 24.5-ஐத் தாண்டக் கூடாது. உன் கிளப் பந்தயத்தில் இவ்வளவு கெடுபிடி இருக்காது என்பாய். பழக்கம் ஒன்றுதானே.

நான் ஏன் இந்தத் தராசைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று உங்கப்பாவைக் கேட்டால் சிரிப்பார். அவருக்கு என் பெரியப்பாவைத் தெரியும்.

பெரியப்பாவுக்கு மலையடிவாரத்தில் மாந்தோப்பு. தோப்புக் காவலுக்கு லைசன்ஸ் எடுத்த இரட்டைக்குழல் 12 போர். அப்போது 1972 வனவிலங்குச் சட்டமும் வரவில்லை, 1988-ல் வந்த சாம்பல் நிற அணில் சரணாலயமும் இல்லை. 2021-ல் புலிகள் காப்பகம் ஆகும் என்று யாரும் கனவுகூடக் காணவில்லை. முயலும் கவுதாரியும் வீட்டுச் சமையல். ராஜபாளையம் நாய் இரண்டு எப்போதும் காலடியில் கிடக்கும். அந்தக் காலம் திரும்ப வர வேண்டாம். செண்பகத்தோப்பில் அணிலும் யானையும் இருப்பதே எனக்கு இப்போது சந்தோஷம். எனக்கு மறக்காதது பெரியப்பா தோட்டா கட்டுகிற சாயங்காலங்கள்தான்.

திண்ணையில் துளை போட்ட பலகை. அதில் கைனாக் பித்தளைக் கூடுகள் வரிசையாக நிற்கும். பித்தளையின் சுவர் மெலிசு, உள்வாய் அகலம். அதனால் 12 போர் கூட்டுக்கு 10 போர் அட்டை வில்லைதான் இறுக்கமாக உட்காரும். கருமருந்து, அட்டை, எண்ணெய் ஊறிய கம்பளி வில்லை, மறுபடி அட்டை, ரவை, மேலே மெல்லிய அட்டை, சுற்றி உருக்கிய மெழுகு. மடிப்பே கிடையாது. மருந்து அளக்கக் கைப்பிடி வைத்த பித்தளைக் கிண்ணம் ஒன்று; திருகினால் ஆழம் கூடும், குறையும், பக்கத்தில் டிராம் கோடுகள். மூன்று டிராம் என்றால் 82 கிரெயின் கருமருந்து. கருமருந்து கொள்ளளவில் அளந்தால் பொறுத்துக்கொள்ளும். அதன் பெருந்தன்மை அது.

கருமருந்துக்குப் பிறகு வந்தது புகையில்லா மருந்து. முதலில் வந்த ஷூல்ட்ஸே, ஈ.சி. போன்றவை உப்பலான மருந்துகள். பழைய கிண்ணத்தில் அதே கோடு வரை அளந்து போடலாம் என்றே செய்தவை. ஆல்ஃபிரெட் நோபல் 1887-ல் காப்புரிமை வாங்கிய பாலிஸ்டைட் போன்றவை அடர்த்தியானவை. அதே கோடு வரை அவற்றை நிரப்பினால் துப்பாக்கி தாங்காது. இரண்டையும் 'நைட்ரோ' என்றே சொன்னார்கள். கிண்ணம் மாறவில்லை, கோடு மாறவில்லை, பழகிய கையும் மாறவில்லை. பெரியப்பாவின் சிநேகிதர் ஒருவர் எங்கிருந்தோ வந்த டின்னைத் திறந்து, வழக்கமான மூன்றாம் கோட்டுக்கு அளந்து போட்டார். குழல் அறைக்கு மேலே வாழைப்பூ மடல் மாதிரி விரிந்துவிட்டது. இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அந்தத் தோட்டா வெளியிலிருந்து பார்க்க மற்ற தோட்டாக்களைப் போலத்தான் இருந்தது. மெழுகுகூட அழகாக வார்த்திருந்தார்.

பெரியப்பா மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பத்தரிடம் பழைய கைத்தராசு ஒன்று வாங்கிவந்தார். அன்றிலிருந்து கருமருந்தைக்கூட நிறுத்துத்தான் போட்டார். அது அவசியமில்லை என்று அவருக்கே தெரியும். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

உன் ஊரில் விற்கிற தோட்டாப் பெட்டியில் இன்றைக்கும் 'டிராம் ஈக்விவலன்ட்' என்று அச்சடித்திருக்கும், பார்த்திருப்பாய். இத்தனை டிராம் கருமருந்து கொடுக்கிற வேகத்தை இது கொடுக்கும் என்பதே அதற்கு அர்த்தம். மருந்து அளக்கிற கணக்காக யாராவது அதை எடுத்துக்கொண்டால் எங்கள் கதைதான்.

இனி இரண்டாவது குறை. ஏழாம் பத்தியில், வாட் தீர்ந்துபோனதால் நண்பர் கொடுத்த வேறு வாட்டைப் போட்டதாகவும், மடிப்பு நடுவில் கொஞ்சம் குழிந்ததாகவும், முனையை ஒரு சுற்று திருகிச் 'சரிசெய்துவிட்டதாகவும்' எழுதியிருக்கிறாய். நீ எதைச் சரிசெய்தாய்? உள்ளே அடுக்கின் உயரம் குறைந்துவிட்டது என்று தோட்டா உன்னிடம் சொன்னது. நீ அதன் வாயை மூடினாய். கூடு, கேப்பு, மருந்து, வாட், ரவை ஐந்தையும் சேர்த்துச் சோதித்துத்தான் மருந்து கம்பெனிக்காரன் புத்தகத்தில் ஒரு வரி போடுகிறான். உட்சுவர் நேராக இறங்கும் கூட்டுக்கு ஒரு வாட், உள்ளே குறுகிக்கொண்டு போகும் கூட்டுக்கு வேறு வாட். ஐந்தில் ஒன்றை மாற்றினால் அந்த வரி உனக்குச் சொந்தமில்லை. வேறு வரியைத் தேட வேண்டும். இரண்டேமுக்கால் அங்குல 12 போருக்கு அமெரிக்க வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு அழுத்தம். அதற்கு எவ்வளவு கீழே நிற்கிறாய் என்பதை எந்தத் தாமரையும் சொல்லாது.

ஐ.பி.எல். பார்த்துக்கொண்டே லோடு செய்வதாக ஒரு வரி வருகிறது. வேடிக்கைக்கு எழுதியதாக வைத்துக்கொள்கிறேன். சிவகாசி இருக்கிற மாவட்டத்தில் பிறந்தவன் நீ. மருந்து அறையில் கவனம் சிதறினால் என்ன ஆகும் என்று உனக்கு டெக்சாஸ்காரன் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மருந்து விழுந்ததும், வாட் வைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்து எட்டிப் பார்ப்பதாக ஒன்பதாம் பத்தியில் எழுதியிருக்கிறாய். அந்த ஐந்து வரிக்காக உன் மற்ற குற்றமெல்லாம் மன்னிப்பு. மருந்தின் மேல்மட்டம் கூட்டின் உள்வரியில் எங்கே நிற்கிறது, காலியாகப் போன கூடு எப்படிக் கறுப்பாகத் தெரிகிறது, இரண்டு முறை விழுந்தது எப்படி மேலேறி நிற்கிறது என்று நீ எழுதியிருப்பதைப் போல நான் எங்கேயும் படித்ததில்லை. பெரியப்பா இருந்திருந்தால் உன்னைத் திண்ணையில் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார்; அவர் யாரையும் அப்படி உட்கார வைத்ததில்லை. பார்க்கத் தெரிந்த கண் உனக்கு இருக்கிறது. அந்தக் கண்ணுக்குத் தெரியாததை நிறுத்துப் பார்க்கிற பொறுமை வந்துவிட்டால் உன்னிடம் நானே தோட்டா வாங்கிச் சுடுவேன். சுட முடியாது என்பது வேறு விஷயம். இங்கே லைசன்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். துப்பாக்கி லைசன்ஸ் இருக்கிற எனக்கே கட்கி ஃபேக்டரி ஷக்திமான் தோட்டாதான், அதுவும் புத்தகத்தில் எழுதி வாங்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியும் ஸ்டேஷனுக்குப் போய்விடும்.

தை மாதம் ஊருக்கு வருவதாக உங்கப்பா சொன்னார். ரேஞ்சுக்குத் தூக்கிப்போகிற பையில் துணி அடுக்கிக்கொண்டு வராதே. புதுப் பை வாங்கு. கோட்டுப் பையைத் தலைகீழாக உதறு, காரில் வைத்திருக்கிற பையையும் உதறு. அடியில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரியும். ஆயுதச் சட்டத்தில் வழக்கு, வக்கீல், வாய்தா என்று லீவு முழுக்க அங்கேயே போய்விடும். காலிக் கூடுகூட வேண்டாம். தராசை வேண்டுமானால் கொண்டு வா, அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
ராஜபாளையத்துப் பெரியவன்