சம ஊதியம் தந்த பெண்மணி
(பத்தாம் வகுப்பு மாணவி)

பாராளுமன்றங்களில் பெண்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலத்தில், 34 ஆண்டுகள் பிரிட்டிஷ் மக்கள் சபையில் வீற்றிருந்தவர் பார்பரா காசில் அம்மையார். அவர் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்பதைவிட, என்ன செய்தார் என்பதே நாம் அறிய வேண்டியது.

இவர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கல்வி கற்று, பத்திரிகைத் துறையில் பணியாற்றினார். 1945 தேர்தலில் தொழிற்கட்சி சார்பில், பஞ்சாலை நகரமாகிய பிளாக்பர்னில் வென்றார். 1979 வரை அந்நகர மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர்.

1965-இல் போக்குவரத்து அமைச்சரானார். அவருக்கோ கார் ஓட்டத் தெரியாது! ஆயினும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரைக் கண்டுபிடிக்கும் மூச்சுச் சோதனையை 1967-இல் கொண்டுவந்தார். எதிர்ப்பு வலுத்தது, அவர் அஞ்சவில்லை. சாலைச் சாவுகள் குறைந்தன.

1968-இல் தொழில் அமைச்சரானார். அவ்வாண்டு டாகன்ஹாம் நகரின் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கை உறைகளைத் தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய வேலை திறன் வேண்டாத வேலை என மதிப்பிடப்பட்டது. அதிலும் ஆண்களைவிடக் குறைந்த கூலியே கிடைத்தது. அம்மையார் அவர்களை அழைத்துப் பேசினார். ஆண்கள் கூலியில் 92 சதவீதம் தர நிர்வாகம் இசைந்தது. மீதி 8 சதவீதம் ஏன் குறைய வேண்டும்? இக்கேள்விக்கு விடையாகவே 1970-இல் சம ஊதியச் சட்டம் பிறந்தது. அது 1975 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. எனினும் அப்பெண்களின் வேலை திறனுள்ள வேலை என ஏற்கப்பட்டது, மீண்டும் போராடிய பிறகு, 1984-இல்தான். சட்டம் வழியைத் திறக்கும்; நடந்து செல்ல வேண்டியவர்கள் நாமே.

அவர் தோல்வியும் கண்டவர். தொழிற்சங்கங்களை ஒழுங்குபடுத்த 1969-இல் அவர் வகுத்த திட்டம் கைவிடப்பட்டது. 1976-இல் அமைச்சர் பதவி பறிபோனது. ஆனாலும், குழந்தைகளுக்கான உதவித்தொகை தாயின் கையிலேயே சேர வேண்டும் என்று சாதாரண உறுப்பினராக இருந்தே வாதாடினார், அதுவும் நிறைவேறியது.

பின்னர் பத்தாண்டுகள் ஐரோப்பியப் பாராளுமன்றத்திலும், 1990 முதல் பிரபுக்கள் சபையிலும் பணியாற்றி, 2002-இல் தமது 91-ஆம் வயதில் மறைந்தார்.

அன்புத் தோழியரே! பதவி போனபின்னும் கொள்கையை விடாதவரே உண்மைத் தொண்டர். படிக்கும் நாம் இதனை மனத்தில் பதிப்போமாக!