லாலா தீன் தயாளும் நம் ஞாயிற்றுக்கிழமைப் படங்களும்

சனி, ஞாயிறு வந்தால் நம்மவர்களில் பலர் பிள்ளைகளோடு கோல்கொண்டா, வாரங்கல், பீதர், அனந்தகிரி என்று புறப்பட்டு விடுகிறோம். திரும்பும்போது கைபேசியில் இருநூறு படங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் நம் முகங்கள்தாம். பின்னால் இருப்பது எந்தக் கோட்டை என்று பத்து வருடம் கழித்துப் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்வது கடினம். இதே ஊரில் வாழ்ந்த ஒரு படக்கலைஞரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

லாலா தீன் தயாள் 1844இல் மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தனாவில் பிறந்தார். ரூர்க்கியில் பொறியியல் படித்து, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். படமெடுப்பது அவருக்கு ஓய்வு நேர ஆர்வமாகத்தான் தொடங்கியது. மத்திய இந்தியாவின் கோயில்களையும் கோட்டைகளையும் எடுத்து முடிப்பதற்காக இரண்டு வருட விடுப்பு எடுத்தார். வேலை பெருகியதால் அலுவலகத்துக்குத் திரும்பவே இல்லை. ஓய்வூதியம் பெற்று விலகினார். (நம் வீடுகளில் யாராவது இப்படிச் செய்தால் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும்!) பிறகு செகந்தராபாத்தில் ஸ்டுடியோ வைத்து, ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் அரசவைப் படக்கலைஞரானார். பர்தா அணியும் பெண்களுக்காக 1892இல் தனி ஸ்டுடியோ திறந்து, அதன் பொறுப்பை ஓர் ஆங்கிலப் பெண்மணியிடம் ஒப்படைத்தார். 1905இல் காலமானார்.

அவர் தொழிலைத் தொடங்கிய நாளில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம்தான். ஆகவே இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், கண்ணாடித் தகடுகள் அனைத்தும் கூடவே பயணம் செய்யும். 1880களில் உலர்ந்த தகடு பரவலானதும் இந்தச் சுமை குறைந்தது. அப்போதும் ஒரு தகட்டுக்கு ஒரு படம்தான். எங்கே நிற்பது, எப்போது வெயில் பக்கவாட்டில் விழும் என்பதை முதலில் யோசித்துத்தான் மூடியைத் திறக்க முடியும்.

யோசிக்கும் அந்தப் பழக்கத்தை நாமும் கடைப்பிடிக்கலாம். ஐதராபாத்தைச் சுற்றியுள்ள கருங்கல் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையவை. உச்சி வெயிலில் அவை வெறும் சாம்பல் மூட்டைகளாகத் தெரியும். காலை ஏழு மணிக்குச் சாய்வெயிலில் பாருங்கள், ஒவ்வொரு விரிசலும் தனியே எழுந்து நிற்கும். பீதரில் 1472இல் மஹ்மூத் கவான் கட்டிய மதரஸாவின் முகப்பு கிழக்கு பார்த்தது. மிஞ்சியிருக்கும் ஒற்றைக் கோபுரத்தின் வண்ண ஓடுகளைக் காண்பதற்கும் காலையே நல்லது. 1213இல் எழுந்த ராமப்பா கோயிலில் சிக்கல் வேறு. இறவாணத்தைத் தாங்கும் கரிய மங்கையர் சிலைகளுக்குப் பின்னால் வானம் பளீரென்று இருப்பதால், கைபேசி சிலைகளை இருட்டாக்கி விடும். திரையில் சிலையின் மேல் விரலால் தொட்டால் அதற்கேற்ப வெளிச்சத்தைச் சரி செய்துகொள்ளும். பிள்ளைகளை வாசலில் நிறுத்துவதில் தவறில்லை. ஆனால் கட்டடம் முழுவதும் தெரியுமளவு நாம் பின்னால் போக வேண்டும். அப்போது பிள்ளையின் உயரமே தூணுக்கு அளவுகோலாகி விடும்.

தீன் தயாளின் படங்கள் பலவற்றில் ஓர் எண்ணும் பெயரும் இருக்கும். அவருடைய ஸ்டுடியோவின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் இன்று தில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் உள்ளன. ஆய்வாளர்கள் ஒரு படத்தை அடையாளம் காண அந்தச் சிறு எழுத்துகள் பேருதவி செய்கின்றன. நாமோ தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தைக்கூடப் பின்புறம் ஒன்றும் எழுதாமல் வைத்திருக்கிறோம். ஊரிலிருந்து பெரியவர்கள் வரும்போது பழைய ஆல்பத்தை அவர்கள் முன் விரித்து, யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு, படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். அடுத்த ஞாயிறு எடுக்கும் படங்களுக்கு, அன்றிரவே பிள்ளைகளை விட்டுத் தமிழில் பெயர் எழுதச் சொல்லுங்கள்.