தமிழில் விஞ்ஞானம்: ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு வழி

எமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளிற் பயிலும் பிள்ளைகள் ஆத்திசூடியை ஒப்புவிக்கிறார்கள். திருக்குறளைப் பொருளுடன் கூறுகிறார்கள். பேச்சுப் போட்டிகளிற் பரிசு பெறுகிறார்கள். இவை யாவும் நாம் பெருமைப்பட வேண்டியவையே. ஆயினும், ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பை எட்டிய பிள்ளையிடம், "பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது?" என்று தமிழிற் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாகும். அப்பிள்ளைக்கு விடை தெரியாது என்பதன்று. வாரநாட் பாடசாலையில் அதே வினாவிற்கு ஆங்கிலத்திற் செம்மையாக விடை எழுதியிருக்கும். தெரிந்த ஒன்றைத் தாய்மொழியிற் சொல்ல முடியாமையே அந்த மௌனத்தின் காரணம்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயது என்பது "ஏன்?", "எவ்வாறு?" என்ற வினாக்கள் பிள்ளையின் உள்ளத்தில் வலுப்பெறும் பருவம். தமிழ் வகுப்பை விட்டுப் பலர் விலகத் தொடங்குவதும் இதே பருவத்தில்தான் என்பதைப் பெற்றோர் அறிவர். சிந்திப்பதற்கு ஒரு மொழி, மேடையில் ஒப்புவிப்பதற்கு இன்னொரு மொழி என்ற பிரிவு இவ்வயதில் நிலைபெற்றுவிடுமாயின், பின்னர் அதனை மாற்றுவது அரிது. எனவே இவ்வகுப்புகளில் விஞ்ஞானத்தைத் தமிழில் ஓரளவேனும் கற்பித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முன்னோர் காட்டிய பாதை

தமிழில் விஞ்ஞானம் கற்பிப்பது புதிய முயற்சியன்று. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டிலேயே உள்ளூர் மாணவருக்கு மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாயில் நடந்த அவரது வகுப்பு முதலில் ஆங்கிலத்திலேயே அமைந்திருந்தது. ஆங்கிலத்திற் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியே செல்வர். தமிழிற் கற்றவர்களோ தம் ஊர்களிலேயே தங்கி மக்களுக்குத் தொண்டாற்றுவர் என்று அவர் கருதினார். 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே மருத்துவம் போதித்தார்.

பாடநூல்கள் இல்லாத குறையை அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்தே நீக்கினார்கள். உடற்கூறு, உடற்றொழில், இரண வைத்தியம், மருத்துவச்சிப் பணி, இரசாயனம் ஆகிய துறைகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் தமிழில் வெளிவந்தன. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் மறையும்வரை அவர் அப்பணியைக் கைவிடவில்லை. அவர் வெளியிட்ட இரசாயன நூலின் பெயர் "கெமிஸ்தம்" என்பதாகும். அந்தச் சொல் இன்று வழக்கில் இல்லை. ஆனால் இரசாயனத்தைத் தமிழில் எழுத முடியும் என்று அந்நூல் நிறுவியது. சொற்கள் பழகப் பழகத் திருந்தும் என்ற உண்மையையும் அது எமக்கு உணர்த்துகிறது.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் முத்தமிழ் அறிஞராக மட்டுமே பலரால் நினைக்கப்படுகிறார். அவர் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியருமாவார். 1930களிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியிலும் பங்குகொண்டவர். 1950களில் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அதன் பயனாகவே ஈழத்து மாணவர் பல தலைமுறைகளாக உயர்தர வகுப்பு வரை பௌதிகவியலையும் இரசாயனவியலையும் தமிழிற் கற்றுவருகின்றனர். ரொறன்ரோவில் வாழும் பெற்றோரிலும் பாட்டன் பாட்டிமாரிலும் பலர் அவ்வாறு கற்றவர்களே. இச்செல்வம் எம் வீடுகளிலேயே இருக்கிறது.

கலைச்சொற் சிக்கல்

ஆசிரியர் முதலில் எதிர்கொள்ளும் இடர், ஈழத்திலும் தமிழகத்திலும் கலைச்சொற்கள் வேறுபடுவதாகும். பௌதிகவியல் அங்கு இயற்பியல், இரசாயனவியல் வேதியியல், அமுக்கம் அழுத்தம், சக்தி ஆற்றல், கலம் செல். இவற்றால் பெருங்குழப்பம் நேராது. ஒரே சொல் இரு பொருள் தரும் இடங்களிலேயே விழிப்பு வேண்டும்.

ஈழத்துப் பாடநூலில் ஒரு பொருளிலுள்ள சடத்தின் அளவு "திணிவு"; அதன்மீது புவியீர்ப்பு செலுத்தும் விசை "நிறை". தமிழகப் பாடநூலிலோ முன்னையது "நிறை"; பின்னையது "எடை". நிலவுக்குச் சென்றால் நிறை குறையுமா என்று கேட்டால், யாழ்ப்பாணத்து மாணவர் "குறையும்" என்பார். மதுரை மாணவர் "குறையாது" என்பார். இருவரும் சரியாகவே சொல்கிறார்கள். "வேகம்" என்பதும் இத்தகையதே. ஈழத்தில் அது திசையையும் சேர்த்துக் குறிக்கும். திசையின்றிச் சொல்வது "கதி". தமிழகத்தில் திசையில்லாதது "வேகம்"; திசையுள்ளது "திசைவேகம்".

இதற்குத் தீர்வு எளிது. ஒரு பாடசாலை ஒரு வழக்கைத் தெரிந்தெடுத்து, எல்லா வகுப்புகளிலும் அதனையே கையாளட்டும். மற்றைய வழக்கையும் மாணவர் அறியுமாறு ஒருமுறை சொல்லிவைக்கட்டும். எச்சொல் சிறந்தது என்ற வாதத்தில் பிள்ளைகளின் நேரத்தை வீணாக்குதல் ஆகாது.

மூன்று பாடங்கள்

ஒன்ராறியோவில் 2022இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், ஏழாம் வகுப்பில் தூய பதார்த்தங்களும் கலவைகளும், வெப்பமும் இடம்பெறுகின்றன; எட்டாம் வகுப்பில் கலங்களும், பாய்மங்களும், நீர்த்தொகுதிகளும் உள்ளன. வாரநாளிற் கற்ற அதே பொருளை வார இறுதியில் தமிழில் எடுத்துக்கொண்டால் பிள்ளைக்குச் சுமை கூடாது. இதோ மூன்று மாதிரிகள்.

முதலாவது, மேப்பிளும் பனையும். இளவேனிலின் தொடக்கத்தில் மேப்பிள் மரத்திலிருந்து வடியும் சாற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கே சீனி உண்டு. ஏறக்குறைய 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் 1 லீற்றர் பாகு கிடைக்கும். நீர் ஆவியாகிச் செல்ல, கரையமாகிய சீனி எஞ்சுகிறது. கரைசல் செறிவடையக் கொதிநிலையும் உயர்கிறது. பாகு பதமாகும்போது அது நீரின் கொதிநிலையைவிட ஏறத்தாழ 4 பாகை செல்சியசு மிகுந்திருக்கும். எம்மூரிலே பனையின் கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்வதும் இதே முறைதான். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசுவது ஏன் என்று மாணவரைக் கேளுங்கள். மதுவம் என்னும் நுண்ணுயிர் சீனியை நொதிக்கச் செய்து கள்ளாக்குவதைச் சுண்ணாம்பின் காரத்தன்மை தடுக்கிறது. பனை ஏறிய முதியவர் அறிந்திருந்த இந்த இரசாயனத்தைப் பேரப்பிள்ளை விளங்கிக்கொள்ளட்டும்.

இரண்டாவது, உப்பும் பனிக்கட்டியும். இரு கிண்ணங்களில் நொருக்கிய பனிக்கட்டியை இட்டு, ஒன்றில் மட்டும் மூன்றிலொரு பங்கு உப்பைக் கலந்து, இரண்டிலும் வெப்பமானியை வையுங்கள். உப்பிட்ட கிண்ணத்தின் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே பல பாகைகள் இறங்கும். உப்புநீரின் உறைநிலை தாழ்ந்தது. ஆகவே பனிக்கட்டி உருகுகிறது; உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சூழலிலிருந்தே உறிஞ்சுகிறது. குளிர்காலத்தில் எம் வீதிகளில் உப்பைத் தூவுவதன் காரணம் இதுவே. சுழியத்திற்குக் கீழ் 10 பாகையை அண்மிக்கும்போது உப்பின் வேலை மந்தமாகிவிடும். அந்த உப்பு இறுதியில் ஓடைகளை அடைந்து நன்னீர் உயிர்களைப் பாதிக்கிறது என்பதையும் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

உப்பு எங்கிருந்து வருகிறது? ஒன்ராறியோவின் கோட்ரிச் நகரில், ஹியூரன் ஏரிக்கு அடியில் ஏறத்தாழ 550 மீற்றர் ஆழத்தில் உப்புச் சுரங்கம் உள்ளது. 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே கிடந்த கடல் வற்றியதால் படிந்த உப்பு அது. ஆனையிறவில் கடனீரேரியின் நீரைப் பாத்திகளிற் கட்டி, வெயிலில் வற்றவைத்து உப்பு விளைவித்தனர். இரண்டும் ஆவியாதலும் பளிங்காதலும் செய்த வேலையே. ஒன்றுக்கு வேண்டிய காலம் சில வாரம். மற்றதற்கோ பல்லாயிரம் ஆண்டுகள்.

மூன்றாவது, நிலாவரைக் கிணறு. புத்தூருக்கு அண்மையிலுள்ள அக்கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. ஒரு கண்ணாடிக் குவளையில் சாயமிட்ட உப்புநீரை ஊற்றி, அதன்மேல் கரண்டியின் முதுகு வழியே நன்னீரை மெல்ல வார்த்தால் அதே காட்சியை வகுப்பிற் காணலாம். ஒரு முட்டையை மெதுவாக விட்டால் அது இரண்டு நீரும் சந்திக்கும் இடத்தில் நிற்கும். அடர்த்தி என்ற சொல்லுக்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டியதில்லை.

பின்னர் ஒரு கணக்கு. நன்னீரின் அடர்த்தி கன மீற்றருக்கு 1000 கிலோகிராம். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1025. வேறுபாடு 25. ஆயிரத்தை 25 ஆல் வகுத்தால் 40 வரும். அதாவது, கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கும். மறுதலையாக, அளவுமீறி இறைத்து நீர்மட்டத்தை 1 மீற்றர் தாழ்த்தினால், உவர்நீர் காலப்போக்கில் 40 மீற்றர் மேலேறக்கூடும். வற்றாத ஆறு எதுவுமில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு, மழைநீரைச் சேர்த்துவைக்கும் சுண்ணக்கல்லையே நம்பி வாழ்கிறது. ஒரு கிணற்றின் கதை ஊரின் வாழ்வையே விளக்குவதை எட்டாம் வகுப்பு மாணவர் உணர்வர்.

கற்பிக்கும் முறை

கலைச்சொற் பட்டியலை மனனம் செய்விப்பதிலிருந்து தொடங்கலாகாது. முதலிற் செய்கை, இரண்டாவது, கண்டதைத் தமக்கு வந்த தமிழிற் சொல்லுதல், மூன்றாவது, கலைச்சொல், நான்காவது, ஐந்து வாக்கியங்களில் எழுதுதல். "உப்புப் போட்டால் ஐஸ் கெதியா உருகுது" என்று பிள்ளை சொல்லுமாயின் அதைக் கடிய வேண்டாம். அதுவே நல்ல அவதானிப்பு. "உப்பு பனிக்கட்டியின் உறைநிலையைத் தாழ்த்துகிறது" என்ற வாக்கியத்தை அதன்மேல் எழுப்பலாம். ஒரு பாடத்துக்கு ஆறு புதிய சொற்களுக்கு மேல் வேண்டாம்.

"வாரத்திற் சில மணித்தியாலங்களே உள்ளன, இலக்கணமும் இலக்கியமும் என்னாவது?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. மாதத்தில் ஒரு வகுப்பு, அதிலும் நாற்பது நிமிடம் போதும். அந்நேரத்தில் இலக்கணமும் நடைபெறுகிறது. "உருகுகிறது", "உருக்குகிறது" என்ற வேறுபாட்டைத் தன்வினை, பிறவினை என்று கரும்பலகையில் எழுதுவதிலும், கிண்ணத்தை முன்வைத்துக் கற்பிப்பது எளிதன்றோ?

"ஒன்ராறியோவிற் பயன்படாத சொற்களை ஏன் கற்க வேண்டும்?" என்பது இன்னொரு வினா. இப்பிள்ளைகள் நாளை மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வருவார்கள். தன் நோயைத் தமிழில் மட்டுமே சொல்லத் தெரிந்த முதியவர் முன் ஒருநாள் நிற்பார்கள். அன்று அமுக்கம், குருதி, கலம், நொதியம் என்ற சொற்கள் பயன்படும். கிறீன் வைத்தியர் தம் மாணவரைத் தமிழிற் பயிற்றியதும் நோயாளியின் மொழியில் மருத்துவம் நடக்க வேண்டும் என்பதற்காகவே.

அடுத்த ஆண்டு விழாவில், பேச்சு மேடைக்கு அருகே ஒரு மேசையை ஒதுக்குவோம். மூன்று குவளைகளும் ஒரு வெப்பமானியும் போதும். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர் அங்கே நின்று, வருகின்ற பாட்டன் பாட்டிமாருக்குத் தாம் செய்து பார்த்ததைத் தமிழில் விளக்கட்டும். முதியோர் வினாக்கள் கேட்கட்டும். பெற்றோரும் ஆசிரியரும் இதற்கு இவ்வாண்டே ஆவன செய்வார்களாக.