விதைக்காமல் முளைக்கும் கீரை, வீட்டுக்குக் கிடைத்த சத்து



ஒரு மழை பெய்தால் போதும். குப்பைமேட்டில் குப்பைக்கீரை, வேலியோரம் மணத்தக்காளி, கொல்லையில் பண்ணைக்கீரை, தரையோடு தரையாகப் பருப்புக்கீரை. இவற்றை யாரும் விதைக்கவில்லை. குப்பைக்கீரையின் பொடி விதை எருவிலும் மண்ணிலும் கிடந்து, ஈரம் பட்டதும் முளைக்கிறது. மணத்தக்காளிப் பழத்தைத் தின்ற குருவி எச்சமிட்ட இடத்தில் செடி வருகிறது.

"காசு கொடுத்து வாங்காததுல என்ன சத்து இருக்கப் போவுது?" என்று எண்ண வேண்டாம். இரும்புச் சத்தும், கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்தும் இவற்றில் உண்டு.

இரத்தசோகையை அலட்சியம் செய்யாதீர்கள்

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. "மாசமா இருந்தா அசதி இருக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள். இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. குழந்தையும் எடை குறைந்து பிறக்கலாம்.

செய்ய வேண்டியவை

1. நன்றாகத் தெரிந்த கீரையை மட்டும் பறியுங்கள். சாக்கடை ஓரத்திலும், பூச்சிமருந்து, களைக்கொல்லி அடித்த வயலிலும் பறிக்கக் கூடாது.

2. முதலில் நன்றாக அலசி, பிறகு நறுக்குங்கள். மூடி வைத்து அளவான தண்ணீரில் வேக வையுங்கள். வெந்த நீரைக் கொட்டாதீர்கள்.

3. இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழியுங்கள்; அல்லது நெல்லிக்காய் சேர்த்துச் சாப்பிடுங்கள். இரும்புச் சத்து உடம்பில் நன்கு சேரும். சாப்பிட்ட உடனே டீ, காப்பி குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

4. கீரை மாத்திரைக்கு ஈடாகாது. கர்ப்பிணிகள் நான்காம் மாதம் முதல் தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை வீதம் 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் சாப்பிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். அது மாத்திரையால் வருவதுதான்.

எச்சரிக்கை

தானாக வளர்வதெல்லாம் வாய்க்கு ஆகாது. ஊமத்தை விஷம். பார்த்தீனியம் பட்டால் அரிப்பும் மூச்சிரைப்பும் வரலாம். கையில் உறை போட்டு, பூக்கும் முன்பே பிடுங்குங்கள். கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைப்பது உயிரைக் குடிக்கும். கர்ப்பப்பை புண்ணாகிச் சீழ் பிடித்துத் தாயே இறக்க நேரிடும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொல்லியுள்ள காரணங்களுக்காகத் தகுதி பெற்ற டாக்டரே அரசு ஆஸ்பத்திரியில் கருக்கலைப்பு செய்கிறார். விஷயம் வெளியே போகாது. தயங்காமல் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

கணவன்மார்களே!

வயலிலிருந்து திரும்பும்போது ஒரு பிடி கீரை பறித்து வாருங்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் மனைவிக்கு என்ற வழக்கம் வேண்டாம். "நீயும் உக்காரு, சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லுங்கள். அவள் பங்கு அவள் இலைக்கு வரட்டும்.