காவலுக்கும் காவல்

ஜொகூர் மாநிலத்தின் தென்கிழக்கு முனையில் பெங்கேராங் அமைந்துள்ளது. மீன்பிடிக் கிராமங்கள் நிறைந்திருந்த இவ்வட்டாரத்தில் இன்று மாபெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்துள்ளது. பெட்ரோனாஸ் நிறுவனத்தின் கூட்டு முயற்சியில் உருவான இந்த ஆலை, நாளொன்றுக்கு 300,000 பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆற்றல் கொண்டது.

இத்தகைய ஆலைகளில் வெப்பமும் அழுத்தமும் மிக அதிகம். ஒரு சிறு கோளாறும் பேரிழப்பில் முடியலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் பெங்கேராங்கில் ஏற்பட்ட வெடி விபத்தில் ஐவர் உயிரிழந்தனர். அது இணையத் தாக்குதலால் நேர்ந்ததன்று. எனினும், ஆலைகளில் பாதுகாப்பு என்பது உயிர் தொடர்பானது என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

ஆலையின் குழாய்களிலும் கலன்களிலும் பொருத்தப்படும் உணரிகள், வெப்பத்தையும் அழுத்தத்தையும் இடைவிடாது அளந்து கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகின்றன. அழுத்தம் எல்லை மீறினால் என்ன செய்வது? அதற்கெனத் தனியாக ஒரு பாதுகாப்பு அமைப்பு உண்டு. மனிதரின் கட்டளைக்குக் காத்திராமல் ஆலையின் இயக்கத்தை அது உடனே நிறுத்திவிடும். ஊழியர்களுக்கு அதுவே கடைசிக் காவல்.

அந்தக் காவலையே யாரேனும் கெடுத்துவிட்டால்? 2017ஆம் ஆண்டு சவூதி அரேபியாவிலுள்ள ஒரு பெட்ரோலிய வேதிப்பொருள் ஆலையில் இதுதான் நிகழ்ந்தது. தொலைவிலிருந்த ஊடுருவிகள் ஆலையின் கணினி வலையமைப்பில் நுழைந்தனர். பின்னர், பாதுகாப்பு அமைப்பை இயக்கும் கருவிகளுக்குள் தீய நிரல் ஒன்றைப் புகுத்தினர். பிற்காலத்தில் அதற்கு 'டிரைட்டன்' எனப் பெயர் வழங்கலாயிற்று.

அக்கருவிகளில் ஒரு திறவுகோல் உண்டு. அதனை 'இயக்கம்' என்னும் நிலையில் வைத்தால் எவராலும் தொலைவிலிருந்து நிரலை மாற்ற இயலாது. 'நிரலாக்கம்' என்னும் நிலையில் வைத்தால் மாற்ற இயலும். அன்று அத்திறவுகோல் 'நிரலாக்கம்' நிலையிலேயே விடப்பட்டிருந்தது. கதவுக்குப் பூட்டு இருந்தும் பூட்டாமல் விட்ட கதைதான் இது.

நல்வேளையாக, அக்கருவிகளின் வடிவமைப்பே ஆலையைக் காத்தது. ஒவ்வொரு கருவியிலும் மூன்று செயலிகள் ஒரே கணக்கைத் தனித்தனியே செய்து, விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும். தீய நிரலால் பிழை எழுந்ததும், கருவிகள் ஆலையைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டன. எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடியபோதுதான் ஊடுருவல் வெளிச்சத்திற்கு வந்தது.

இத்தகைய ஆபத்து ஆலைகளுக்கு மட்டும் உரியதன்று. 2016ஆம் ஆண்டு 'மிராய்' என்னும் தீய நிரல், உலகெங்குமுள்ள இலட்சக்கணக்கான கண்காணிப்புக் கேமராக்களையும் இணைய வழிச்செயலிகளையும் கைப்பற்றியது. தயாரிப்பாளர்கள் ஒரே கடவுச்சொல்லைப் பல கருவிகளுக்கும் இட்டு விற்றதே அதற்கு வழிவிட்டது. வாங்கியவர்களும் அதனை மாற்றவில்லை. ஜொகூர் நீரிணைக்கு அப்பாலுள்ள சிங்கப்பூர், 2020ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. இதனால், ஒரு கருவி எவ்வளவு பாதுகாப்பானது என்பதை வாங்குபவர் முத்திரையைக் கண்டே அறியலாம்.

மலேசியாவும் சட்டத்தால் வேலி அமைத்துள்ளது. 2024ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் நடப்புக்கு வந்தது. எரிசக்தி, போக்குவரத்து, நீர் விநியோகம் உள்ளிட்ட 11 முக்கியத் துறைகளை அது உள்ளடக்குகிறது. அத்துறைகளில் முக்கியக் கணினி அமைப்புகளை நடத்தும் நிறுவனங்கள், இணையத் தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் முதல் தகவலை அளித்தல் வேண்டும்.

எனினும், சட்டம் மட்டும் போதாது. வெள்ளம் வருமுன் அணைபோடுவதே அறிவுடைமை. ஒரு பொருளையோ ஆலையையோ வரைபடத் தாளில் வடிவமைக்கும்போதே சில கேள்விகளைக் கேட்க வேண்டும். அலுவலகக் கணினிகளின் வலையமைப்பும் இயந்திரங்களின் வலையமைப்பும் பிரிக்கப்பட்டுள்ளனவா? நிரலை மாற்ற யாருக்கு உரிமை உண்டு? மாற்றம் நிகழ்ந்தால் பதிவாகுமா? பிழை கண்டறியப்பட்டால் மென்பொருளைப் புதுப்பிக்க வழி உண்டா? எல்லாம் பழுதானாலும் இயந்திரம் ஆபத்தின்றி நிற்குமா?

இக்கேள்விகள் பொறியியலாளருக்கு மட்டும் உரியவை அல்ல. சவூதி ஆலையில் திறந்து கிடந்த பூட்டை மூடுவதற்குப் புதிய தொழில்நுட்பம் தேவைப்படவில்லை. திறவுகோலைத் திருப்பும் ஒரு கை போதுமாயிருந்தது. நாளை பாசிர் கூடாங்கிலோ பெங்கேராங்கிலோ பணியாற்றப்போகும் இன்றைய மாணவர்களின் கைகளிலும் அத்தகைய திறவுகோல் ஒன்று இருக்கக்கூடும்.