தோள்பைக்குள் கீபோர்டு செட்டப்: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

கடைக்குப் போறதுக்கு முன்னாடி பீரோ மேல பாரு. அண்ணன் ப்ளஸ் டூ படிச்சப்போ கிடைச்ச அரசு லேப்டாப் அங்கேதான் தூங்குது. 2011-ல் தொடங்கின அந்தத் திட்டத்தோட ஆரம்ப மாடல்கள்ல 2 ஜிபி ரேம்தான். இன்னைய விண்டோஸை அதில் ஏத்தினா, ஆன் ஆகறதுக்குள்ள காபி ஆறிடும். ஆனா விண்டோஸோட பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தாங்க. நம்ம வீட்டில் அதை யாரும் திறந்தே பார்க்கலை. ரெண்டையும் அழிச்சிட்டு, கனமில்லாத புது லினக்ஸ் ஒண்ணைப் போடு. மேல யோஷிமின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் சின்தசைசரை ஏத்து. 2002 வாக்கில் ருமேனியாக்காரர் ஒருத்தர் எழுதின சின்த்திலிருந்து பிரிஞ்சு வந்தது அது. அந்தக் காலத்து கம்ப்யூட்டருங்க அண்ணன் லேப்டாப்பைவிட நோஞ்சான், அதனால பயப்படாதே. பேட், ஆர்கன், பெல், லீட் எல்லாம் தாராளமா ஓடும்.

நிஜ பியானோ மாதிரியே வேணும், முழு ஸ்ட்ரிங்ஸ் செக்‌ஷன் வேணும்னா அது வேற கதை. அதெல்லாம் ஜிபி கணக்கில் சாம்பிளைத் தூக்கி ரேமில் வைக்கும். அப்போ மட்டும் 16 ஜிபி ரேமும் எஸ்.எஸ்.டி.யும் இருக்கிற லேப்டாப்பைப் பத்தி அப்பாகிட்ட பேச்செடு. ஆறு மாசம் பழசில் வாசிச்சிட்டுக் கேட்டா அவரும் யோசிப்பார்.

“லேப்டாப்பில் வாசிக்கிறதெல்லாம் வாசிப்பா”ன்னு மாமா இழுப்பார். கண்டுக்காதே. நம்ம ஊர்ல கம்ப்யூட்டரும் கீபோர்டும் கைகோர்த்து நாற்பது வருஷம் ஆச்சு. வேற வேற கம்பெனி கீபோர்டுங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற மிடி 1983-ல் வந்தது. 1986-ல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கே இளையராஜா சீக்வென்சரைக் கொண்டு வந்துட்டார். அதில் ப்ரோக்ராமிங் பண்ணினவர் அப்போ திலீப்பா இருந்த ஏ.ஆர்.ரஹ்மான். அந்தக் காலத்தில் உலகமே வாங்கின யமஹா டி.எக்ஸ்.7 பதினாலு கிலோ. அதைத் தூக்க ஒரு ஆள், வண்டி வேணும். அதே டி.எக்ஸ்.7 இன்னைக்கு டெக்ஸ்டுன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர். பழைய டி.எக்ஸ்.7 பேச்களையே, அதாவது அதில் சேமிச்சு வச்ச சவுண்டுகளையே, அதில் ஏத்தலாம். எண்பதுகளில் வந்த மெலடிகளில் மணி அடிச்ச மாதிரி கேக்கும் எலெக்ட்ரிக் பியானோ வேணும்னா அங்கே போ.

இப்போ காசு செலவழிக்க வேண்டிய இடத்துக்கு வர்றேன். சத்தத்துக்குச் செலவழிக்காதே, தாமதத்தைக் குறைக்கச் செலவழி.

நீ கட்டையை அமுக்கின உடனே லேப்டாப் சத்தத்தை வெளியே விடாது. பஸ் நிரம்பினதும் கிளம்பற மாதிரி, ஒரு கூட்டம் சாம்பிள் சேர்ந்தப்புறம்தான் அனுப்பும். அந்தக் கூட்டத்தோட அளவுதான் பஃபர். நொடிக்கு 44,100 சாம்பிள் கணக்கில், பஃபர் 1,024 வச்சா 23 மில்லி செகண்ட் போயிடும். 256 வச்சா 6-க்குக் கிட்ட, 128 வச்சா 3-க்குக் கிட்ட. இதுக்கு மேல டிரைவரும் யு.எஸ்.பி.யும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கும். மொத்தம் 10-க்குள்ள நின்னா விரலுக்கு உறுத்தாது. 20-ஐத் தாண்டிட்டா மெதுவான பேட் வாசிக்கலாம், குத்துப்பாட்டு வாசிக்க முடியாது. தவிலுக்குப் பின்னாடியே ஓடிக்கிட்டிருப்பே. பஃபரை ரொம்பக் குறைச்சாலும் ஆகாது, லேப்டாப் ஈடுகொடுக்க முடியாம ‘படபட’ன்னு வெடிக்கும். 256-ல் ஆரம்பி, வெடிக்காத வரைக்கும் இறக்கு.

காத்தும் நேரம் எடுக்கும், தெரியுமா? ஒரு மீட்டர் தூரம் கடக்கச் சத்தத்துக்கு 3 மில்லி செகண்ட் ஆகுது. ஸ்பீக்கர் மூணு மீட்டர் தள்ளி இருந்தா, லேப்டாப்பில் நீ பாடுபட்டு மிச்சம் பிடிச்சது அங்கே போச்சு. அதனால வாசிக்கும்போது மானிட்டர் பக்கத்தில் இருக்கணும், இல்லே ஒயர் வச்ச ஹெட்ஃபோன் போட்டுக்கணும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் பாட்டு கேக்க மட்டும்தான். அதில் தாமதம் சாதாரணமா நூறு மில்லி செகண்டைத் தாண்டும்.

விண்டோஸில் லேப்டாப்போட சொந்த சவுண்ட் கார்டை அப்படியே நம்பினா 10-க்குள்ள வராது. காசே இல்லைன்னா ஏஸியோ4ஆல்ங்கிற பொது டிரைவரைப் போட்டுச் சமாளி. காசு சேர்ந்ததும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கு, அதுவும் கம்பெனியே எழுதின ஏஸியோ டிரைவரோட வர்றதா பார்த்து. பெரிங்கர் யு.எம்.சி.22-ன் விலையைப் பார்த்ததும் கை தானா நீளும். ஆனா அதுக்குச் சொந்த டிரைவர் கிடையாது, அந்த ஏஸியோ4ஆலையேதான் போடச் சொல்லுவாங்க. அதுக்கு அடுத்த படியில் இருக்கிற யு.எம்.சி.202 எச்.டி.க்கு உண்டு. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட்டுக்கும் உண்டு. மேக் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அதிலேயே நல்ல டிரைவர் இருக்கு. லினக்ஸில் ஜாக், இல்லேன்னா பைப்வயர்.

அடுத்தது கன்ட்ரோலர். எல்லாரும் 25 கட்டை உள்ளதை வாங்கச் சொல்லுவாங்க, பையில் அடங்குதுன்னு. நான் வேற மாதிரி சொல்றேன். கட்டை எத்தனைன்னு எண்ணாதே, இடது கைக்கு என்ன இருக்குன்னு பாரு. நம்ம பாட்டுக்கு கமகம் வேணும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தாவினா அது வெஸ்டர்ன் ட்யூன் மாதிரி நிக்கும். வழுக்கிப் போனாத்தான் ராகம். கீபோர்டில் கர்நாடகக் கச்சேரியே செய்யற கே.சத்யநாராயணன் வாசிக்கிற வீடியோ ஒண்ணைப் போட்டு, வலது கையை விட்டுட்டு இடது கையை மட்டும் பாரு. பிட்ச் பெண்ட் சக்கரத்திலிருந்து கை எழுந்திருக்காது.

சின்ன கன்ட்ரோலர்ல பட்டன், டச் ஸ்ட்ரிப், இல்லேன்னா குட்டி ஜாய்ஸ்டிக் இருக்கும். பட்டனில் கமகம் வரவே வராது. ஜாய்ஸ்டிக் கையை விட்ட உடனே துள்ளித் திரும்பும், பழகிக்கலாம், ஆனா எரிச்சல். கோர்க் மைக்ரோகீயில் 25 கட்டை மாடலுக்கு ஜாய்ஸ்டிக், 37 கட்டை மாடலுக்குச் சக்கரம். கொஞ்சம் நீளம் கூடினாலும் 37-ஐ எடு. அதுவும் முதுகுப் பையில் மெட்ரோவில் கொண்டு போகிற அளவுதான், மூணு ஆக்டேவும் கிடைக்குது.

சக்கரம் மட்டும் போதாது. சின்த்தில் பெண்ட் ரேஞ்சுன்னு ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் 2 செமிடோன்ல வச்சிருப்பாங்க. கமகம் பழக அதுவே நல்லது, கை கொஞ்சம் பிசகினாலும் ஸ்வரம் ரொம்ப ஓடாது. ஜாரு மாதிரி நீளமா இழுக்கணும்னா 5-க்கு மாத்து. மோனோ, லெகாட்டோ ரெண்டையும் ஆன் பண்ணு. அப்போதான் ஒரு கட்டை அமுங்கியிருக்கும்போது அடுத்ததைத் தொட்டா புதுசா மீட்டாம ஒட்டிப் போகும். வேற எதுவும் செய்யாம இதை மட்டும் ஒரு வாரம் பண்ணு. நூறு ப்ரீசெட் சேர்க்கிறதைவிட இதில் பலன் அதிகம்.

ஸ்ருதிப் பெட்டியோட வாசிச்சா உன் கீபோர்டோட அந்தர காந்தாரம் கொஞ்சம் தூக்கலா உறுத்தும். உன் காதில் கோளாறு இல்லை. சுத்தமான காந்தாரம் 386 சென்ட், கீபோர்டு கொடுக்கிறது 400. சாதாரண கீபோர்டில் பலதில் இதைச் சரிபண்ண வழி கிடையாது. சர்ஜ் எக்ஸ்.டி.ன்னு ஒரு இலவச சின்த் இருக்கு, அதில் ஸ்காலா ஃபைல் ஏத்தி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியா நகர்த்தலாம். சினிமாப் பாட்டுக்கு இது வேண்டாம், கார்டு வாசிச்சா அசிங்கமா கேக்கும். தம்புரா பின்னாடி ஓடும்போது மட்டும்.

பாடறவங்க “அஞ்சரைக் கட்டை”ன்னா ஜி ஷார்ப். ஒரு கட்டை சி, ரெண்டு டி, மூணு ஈ, நாலு எஃப், அஞ்சு ஜி. நீ சி-யில் பழகினதையே வாசிச்சு, ட்ரான்ஸ்போஸில் மைனஸ் 4 போட்டா அஞ்சரை வந்துடும். மேடையில் இந்தக் கணக்குப் போடாதே, பேச் பேரிலேயே கட்டையை எழுதி வச்சுடு.

வாங்கற இடம்: தேனாம்பேட்டை ஸ்டேஷன்ல மெட்ரோ ஏறினா நாலாவது ஸ்டாப் கவர்ன்மென்ட் எஸ்டேட். அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம். ரேம், எஸ்.எஸ்.டி., யு.எஸ்.பி. ஹப், கேபிள், பின் எல்லாம் அங்கே. கன்ட்ரோலரை மட்டும் மியூசிக் கடையில் தொட்டுப் பார்த்து வாங்கு. அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் 1842-லேர்ந்து இருக்கு. விரல் வச்சுப் பார்க்க சும்மாவாவது ஒரு தடவை போயிட்டு வா.

சாஃப்ட்வேரில் ரொம்ப அலையாதே. ரெக்கார்டிங்குக்கு ரீப்பர், 60 நாள் இலவசமா ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் வாங்கலாம். மேடையில் சின்த்களை அடுக்கி வைக்க கார்லா போதும். க்ராக் போட்டுத் தர்றேன்னு ஃப்ரெண்டு யாராவது பென் டிரைவோட வந்தா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடு. இலவசமாவே இவ்வளவு இருக்கும்போது வைரஸை எதுக்கு வீட்டுக்குக் கூப்பிடணும்? யாரோட சி.டி.யிலிருந்தும் மிருதங்கத்தை வெட்டி லூப் பண்ணாதே. பக்கத்துத் தெருவில் மிருதங்கம் கத்துக்கிற பையனைக் கூப்பிட்டு நாலு ஆவர்த்தனம் ரெக்கார்ட் பண்ணு, அவன் பேரையும் போடு.

மேடைக்குன்னு பத்து பேச் மேல வச்சுக்காதே. வைஃபை ஆஃப், அப்டேட் ஆஃப், ஸ்லீப் ஆஃப். ஏதாவது ஒரு ஸ்வரம் மாட்டிக்கிட்டு நிக்காம ஊதும், எல்லாருக்கும் நடக்கும். ‘ஆல் நோட்ஸ் ஆஃப்’ கட்டளையை கன்ட்ரோலர்ல ஒரு பட்டனுக்குக் கொடுத்து வை. மே மாசத்தில் பந்தல்ல வாசிச்சா லேப்டாப் சூடாகித் தானே வேகத்தைக் குறைச்சுக்கும், அப்போதான் வெடிப்புச் சத்தம் வரும். அடியில் காத்து போக ஸ்டாண்டு வை, அன்னைக்கு மட்டும் பஃபரை ஒரு படி ஏத்திக்கோ.

மண்டபத்தில் சீரியல் செட்டும் நீயும் ஒரே லைனில் இருந்தா ‘ம்ம்ம்’னு ஹம் வரும். சார்ஜரைப் பிடுங்கிப் பாரு. ஹம் நின்னுட்டா காரணம் கிரவுண்ட் லூப். பேட்டரியிலேயே வாசிச்சு முடி, இல்லே சவுண்ட் அண்ணாகிட்ட டி.ஐ. பாக்ஸ் கேளு. அவர் உனக்கு ஒரே லைன்தான் கொடுப்பார், ஸ்டீரியோ எல்லாம் வீட்டில்தான். அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பேச்-ஐயும் மோனோவில் கேட்டுடு. ஹெட்ஃபோனில் வானம் மாதிரி விரிஞ்ச சில பேட், இடதும் வலதும் சேர்ந்ததும் காணாமப் போயிடும். பையில் பி-38 (தடி பின்) கேபிள் ரெண்டு, இ.பி. பின்னிலிருந்து (ஹெட்ஃபோன் பின்) பி-38-க்குப் போற கேபிள் ஒண்ணு எப்பவும் இருக்கட்டும். இன்டர்ஃபேஸ் படுத்துட்டா லேப்டாப்போட ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்தே லைன் கொடுத்து, பேட் மட்டும் வாசிச்சு ஒப்பேத்தலாம்.

எல்லாம் முடிஞ்சதும் கேபிளை முழங்கையில் சுத்தாதே, உள்ள கம்பி முறுக்கிக்கிட்டு நாலு கச்சேரியில் அறுந்துடும். சவுண்ட் அண்ணா ஒரு சுத்து மேல, ஒரு சுத்து கீழேன்னு மாத்தி மாத்திச் சுத்துவார். பக்கத்தில் நின்னு கேளு, சொல்லித் தருவார்.