கண்ணாடி காட்டாத வளர்ச்சி

நுழையும்முன்

உடலை வலிமையாக்கும் விருப்பத்தோடு உடற்பயிற்சிக் கூடத்திற்குள் நுழைவோருள் பலர் சில வாரங்களிலேயே நின்றுவிடுகின்றனர். நின்றதற்குத் தம் மனவுறுதி இன்மையே காரணம் என்றும் கருதிக்கொள்கின்றனர். அக்கருத்து சரிதானா? பயிற்சியின் முதற்சில வாரங்களில் உடலுக்குள் நிகழ்வது யாது? அதனை அறிந்த ஒருவர் தம் பயிற்சியை எவ்வாறு நடத்திச் செல்லலாம் என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

முதல் மாதம்

பதினாறு வயது மாணவர் ஒருவர் முதன்முறையாக உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்கிறார். சுவரெங்கும் கண்ணாடி. இரும்புத்தட்டுகள் மோதும் ஓசை. திரண்ட தோள்களோடு நிற்பவர்களுக்கு நடுவே, இருப்பவற்றுள் மிகச் சிறிய டம்பெல்லை எடுக்கும்போது எவரேனும் சிரிக்கிறார்களா என்று அவர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். உண்மையில் அங்கு எவரும் அவரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் கண்ணாடியில் தம் புயத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

மறுநாள் காலை மாடிப்படியில் இறங்கத் தொடை மறுக்கிறது. தலைசீவக் கை எழவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டு மூன்று வாரம் சென்று வருகிறார். மூன்றாம் வார இறுதியில் கண்ணாடி முன் நின்று கையை மடக்கிப் பார்க்கிறார், பழைய கைதான். அளவுநாடாவால் சுற்றி அளக்கிறார், பழைய அளவுதான். அடுத்த மாதக் கட்டணத்தை வீட்டில் கேட்க மனம் வரவில்லை. நின்றுவிடுகிறார். ‘எடுத்ததை முடிக்கத் தெரியாதவன்’ என்று வீட்டார் சொல்வதை அவரும் நம்பத் தொடங்குகிறார். தசை வளராமற்போனது சிறிய இழப்பு. தம்மைப் பற்றி அவர் எழுதிக்கொண்ட அந்தத் தவறான தீர்ப்பு, படிப்பிலும் பிற முயற்சிகளிலும் உடன்வரக்கூடிய பேரிழப்பு.

அவர் பிழைபட்டது உறுதியில் அன்று, அளவுகோலில். மூன்று வாரத்தில் அவர் உடல் மாறியிருந்தது. ஆனால், அம்மாற்றம் கண்ணாடிக்கும் அளவுநாடாவுக்கும் எட்டாத இடத்தில் நிகழ்ந்திருந்தது.

வலியின் கணக்கு

பழகாத பயிற்சிக்குப் பின் தோன்றும் தசைவலி உடனே வருவதில்லை. ஒருநாள் கழித்தே அது வலுக்கிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடைந்து பின்னர்த் தணிகிறது. தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணிநேரத்திற்குள் அவ்வமிலம் பெரும்பாலும் நீங்கிவிடுவதால் இவ்விளக்கம் பொருந்தாது. தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதனைச் சீர்செய்ய உடல் மேற்கொள்ளும் பணியுமே இவ்வலியாக உணரப்படுகின்றன. எடையைத் தூக்குவதைவிட மெல்ல இறக்குவதே இத்தகைய வலியை மிகுவிக்கும். அதே பயிற்சியை ஓரிரு வாரம் கழித்து மீண்டும் செய்யும்போது வலி வெகுவாகக் குறைந்திருக்கும். எனவே, முதல் வார வலியைக் கொண்டு ‘இது நமக்கு ஆகாது’ என முடிவு செய்வது, நீச்சல் பழகச் சென்ற முதல்நாள் மூக்கில் நீர் ஏறியதற்காகக் கிணற்றைக் கைவிடுவது போன்றதே. மூட்டில் குத்தலாகத் தோன்றும் வலியும், வீக்கமும், நாள் செல்லச் செல்லக் குறையாத வலியும் வேறு வகையின. அவற்றை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதலில் கற்பது நரம்பு

தசை தானாகச் சுருங்குவதில்லை. மூளையிலிருந்து தண்டுவடத்தின் வழியே வரும் ஆணையை இயக்க நரம்புகள் தசையிழைகளுக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஒவ்வொரு நரம்பணுவும் தன் பொறுப்பிலுள்ள இழைக்கூட்டம் ஒன்றை இயக்குகிறது. பழக்கமற்றவர் ஒருவர் எடையைத் தூக்கும்போது அவரிடமுள்ள இழைகள் அனைத்தும் பணிக்கு வருவதில்லை. வருபவையும் ஒத்திசைந்து வருவதில்லை. எதிர்த்திசையில் இழுக்கும் தசை வேறு தேவையின்றி இறுகி நிற்கிறது. தேர் வடத்தைப் பத்துப்பேர் பத்துத் திசையில் இழுப்பது போன்ற நிலை அது. பயிற்சியின் தொடக்கத்தில் உடல் செய்யும் முதற்பணி, புதிய ஆள்களைச் சேர்ப்பதன்று. இருப்பவர்களை ஒருசேர இழுக்கச் செய்வது.

இதனை 1979ஆம் ஆண்டில் மொரிட்டானி, டிவ்ரீஸ் என்னும் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். எட்டு வாரம் முழங்கையை மடக்கும் பயிற்சி பெற்றவர்களிடம், தொடக்கத்தில் ஏறிய வலிமையின் பெரும்பங்கு நரம்பு வழியாக வந்ததையும், மூன்று முதல் ஐந்து வாரங்களுக்குப் பின்னரே தசைப்பருமன் முதன்மைக் காரணமாக மாறியதையும் அவர்கள் கண்டனர்.

இதற்கு இன்னும் வியப்பான சான்று ஒன்று உண்டு. 1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்ச்சர் என்னும் உளவியலாளரும் உடன்பணியாற்றியோரும் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி அளித்துப் பார்த்தனர். பயிற்சி பெறாத மற்றொரு கையும் வலிமை பெற்றிருந்தது. எடையையே தொடாத கையில் தசை வளர வழியில்லை. கற்றுக்கொண்டது நரம்பு மண்டலம். அதன் பயனை இரு கைகளும் பகிர்ந்துகொண்டன. ஒரு கையில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருப்பவருக்கு மற்றக் கையால் பயிற்சி அளிக்கும் முறைக்கு இந்த உண்மையே அடிப்படை.

மூன்றாம் வாரத்தில் கைவிட்ட அந்த மாணவர், நரம்பு தன் பாடத்தைப் படித்து முடித்துத் தசை தன் பணியைத் தொடங்கவிருந்த வேளையில் வெளியேறியிருக்கிறார்.

இரும்புக் காலணி

கண்ணுக்குப் புலப்படாத இம்மாற்றத்தைத் தொடக்கநிலையினர் எவ்வாறு அறிவது? இதற்கு வழிகாட்டியவர் உடற்பயிற்சிக்கூட ஆசிரியர் அல்லர், படைமருத்துவர் ஒருவர்.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க மருத்துவமனைகளில் முழங்கால் காயமுற்ற வீரர்கள் நிறைந்திருந்தனர். அறுவை முடிந்தும் தொடைத்தசை மெலிந்து கிடந்தது. மிகக் குறைந்த எடையைப் பலமுறை தூக்கச் செய்வதே அன்றைய வழக்கம். சிகாகோவிலிருந்த கார்டினர் படைமருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் தாமஸ் டெலார்ம் இதனை ஏற்கவில்லை. இளமையில் கடுங்காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்னர்ப் பளுதூக்கித் தம் உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர். குறைந்த எடையைப் பலமுறை தூக்குவது தாங்குதிறனை வளர்க்கும். வலிமையை வளர்க்க மிகுந்த எடையைச் சிலமுறை தூக்க வேண்டும் என்றார். வீரர் ஒருவர் மேசை விளிம்பில் அமர்வார். அவர் காலில் இரும்பினால் செய்த காலணி பூட்டப்படும். அதில் எடைத்தட்டுகளைக் கோத்து, முழங்காலை நீட்டி மடக்கச் செய்வர். தம் முறையையும் பயனையும் 1945இல் டெலார்ம் கட்டுரையாக வெளியிட்டார்.

அம்முறையின் உயிர், எடையின் மிகுதியில் இல்லை. அதனை முடிவு செய்த விதத்தில் இருந்தது. ஒருவர் பத்துமுறை மட்டுமே தூக்கக்கூடிய எடை எது என்று முதலில் கண்டறியப்பட்டது. அது பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் எடையன்று. அவருக்கே உரிய எடை. வாரந்தோறும் அவ்வெடை மீண்டும் சோதிக்கப்பட்டது. 1948இல் வாட்கின்ஸ் என்பவரோடு இணைந்து டெலார்ம் இதனை மூன்று சுற்றுகளாக எளிமையாக்கினார். முதற்சுற்றில் அந்த எடையில் பாதி, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழு எடை. இன்றும் உலகெங்கும் பயிற்றுநர்கள் பத்துமுறை, மூன்று சுற்று எனக் கற்பிப்பதன் வேர் இங்கேதான் உள்ளது.

மெலிந்த காலைப் பார்த்தபடி படுத்திருந்த வீரருக்கு அந்த வாரச் சோதனை என்ன செய்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கால் பழையபடியே மெலிந்து தோன்றினாலும், சென்ற வாரத்தைவிட ஒரு தட்டு கூடியிருந்தது.

தெரியுமா?

பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ (1867-1925) தம் உடற்கட்டால் உலகப் புகழ்பெற்றவர். அவருடைய பெயர் நம் நாட்டில் உடல்வலிமை மிக்கோரைக் குறிக்கும் பட்டமாகவே வழங்கியது. தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னுள்ள சொல் அவ்வாறு வந்ததே.

படிப்படியாக ஏற்றுதல் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. தென்மாவட்டச் சிற்றூர்களில் பொங்கல் நாளில் இளவட்டக்கல் தூக்குவோர் உருண்டைக் கல்லை ஒரே வீச்சில் உயர்த்துவதில்லை. குத்துக்காலிட்டு அமர்ந்து, கைகளால் அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சோடு சேர்த்து, பின்னரே தோளுக்குக் கொண்டு செல்வர். முதலாண்டில் கல்லை அசைக்க முடிந்தவர், அடுத்த ஆண்டில் முழங்கால்வரை ஏற்றினால் அதுவே ஊரறிந்த முன்னேற்றம்.

நாள்களின் எண்ணிக்கை

இருபத்தொரு நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பது பலராலும் சொல்லப்படுவது. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அறுவை மருத்துவர், தம் நோயாளிகள் மாறிய முகத்தோற்றத்திற்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆவதாக 1960இல் எழுதினார். அக்கூற்று கைமாறிக் கைமாறி எல்லாப் பழக்கத்திற்கும் விதியாகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கண்காணித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் கூறுகிறது. ஒரு செயல் தானாக நிகழும் நிலையை எட்ட 18 நாள் முதல் 254 நாள்வரை ஆகலாம் என அவர்கள் கணித்தனர். இடைப்பட்ட அளவு 66 நாள். நீர் அருந்துவது போன்ற எளிய செயல்கள் விரைவில் பழகின, உடற்பயிற்சி தாமதித்தது.

அதே ஆய்வில் தொடக்கநிலையினருக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. இடையில் ஒருநாள் தவறியது, பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. காலாண்டுத் தேர்வுக்காகவோ காய்ச்சலுக்காகவோ ஒருநாள் விட்டவர் ‘எல்லாம் போயிற்று’ என முழுவதும் விட்டுவிடுவதே கேடு. பங்கேற்றோர் தம் செயலை நாள்தோறும் நிகழும் வேறொன்றோடு பிணைத்துக்கொண்டதும் கருதத்தக்கது. மாலையில் பள்ளிச்சீருடையை மாற்றியதும் பயிற்சி என்று வைத்துக்கொள்பவருக்கு, இன்று செல்வதா வேண்டாவா என்னும் வழக்காடு நாள்தோறும் எழுவதில்லை.

குறுக்குவழி

முதல் மாதத்தில் பயன் தெரியவில்லை என்னும் ஏக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வணிகமும் உண்டு. தசையை விரைந்து பெருக்கும் ஊக்க மருந்துகள் வளரிளம் பருவத்தினருக்குப் பெருந்தீங்கு விளைப்பவை. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் காலத்திற்கு முன்பே மூடி உயரம் நின்றுபோகலாம், கல்லீரல் பழுதுபடலாம், உடலின் இயல்பான சுரப்பும் குன்றும். பளு தூக்கினால் உயரம் குறையும் என வீடுகளில் அஞ்சுகின்றனர். தகுந்த மேற்பார்வையோடு செய்யும் பளுப்பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்பதே மருத்துவர்களின் கருத்து. அஞ்ச வேண்டியது இரும்புக்கு அன்று, ஊசிக்கு.

பயிற்சி ஏடு

உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயதுவரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கத்தையும், வாரத்தில் மூன்று நாளேனும் தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சியையும் மேற்கொள்ள வேண்டும் என்கிறது. இதற்கு உடற்பயிற்சிக் கூடம் கட்டாயமன்று. தண்டாலுக்கும் பஸ்கிக்கும் மொட்டைமாடியில் ஆறடி இடம் போதும். கூடத்திற்குச் செல்லும் வாய்ப்புக் குறைந்த மாணவியர் பலருக்கு அதுவே பயிற்சிக் களம்.

எங்குச் செய்தாலும் உடன் வேண்டியது நாற்பது பக்க ஏடு ஒன்று. நாள், பயிற்சியின் பெயர், எடை, எத்தனை முறை, எத்தனை சுற்று என ஒருவரிக் குறிப்பே போதும். ‘முதல்நாள் சுவரில் கையூன்றித் தண்டால் 6’ எனத் தொடங்கும் பக்கத்தில், சில வாரங்களுக்குப் பின் ‘தரையில் 4’ என்னும் வரி வந்து சேரலாம். தவறிய நாள்களுக்கு எதிரே காரணம் எழுத வேண்டுவதில்லை. தேதியை மட்டும் எழுதி, அவ்வரியை வெற்றாக விட்டு, மறுநாளின் கணக்கை அதன்கீழ் எழுதலாம்.